லிங்க் இருப்பவர் யாரும் திருத்தலாம்

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். மேலாளர் போனைக் காதில் வைத்தபடியே தன் அறையிலிருந்து வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் தண்ணீர் கேன் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "எந்தக் கை?" என்றார். பிறகு, "வலது கையா? ஆள் பேசுறாரா?" என்றார். அலுவலகம் முழுவதும் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றுபோயின.

அடிபட்டவர் எலக்ட்ரீஷியன். பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றைக் கம்பெனி புதுப்பித்துக்கொண்டிருந்தது. அதன் மூன்றாவது மாடியில் ஏணிமேல் நின்று பழைய வயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கரண்ட் வந்திருக்கிறது. கை ஒட்டிக்கொண்டு, பிறகு தூக்கி எறியப்பட்டு, கீழே விழுந்திருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கை எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

அவரை எல்லோரும் மின்னல் என்று கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவ்வளவு நிதானமான ஆளை அந்தக் கம்பெனியில் பார்க்க முடியாது என்பதால் வந்த பெயர் அது. டீ குடிக்கவே அரைமணி நேரம் எடுப்பார். ஆனால் அவர் போட்ட வயரில் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு பொறி பறந்ததில்லை.

சாவி அக்கா என்று அலுவலகம் கூப்பிட்ட அந்தப் பெண் தன் மேசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சாவி எதுவும் கிடையாது. எந்த வேலை, எந்த நாளில், யார் செய்ய வேண்டும் என்பதெல்லாம் கம்பெனியின் மென்பொருளில் ஒரு பொதுத் திட்டமாக இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நீலப் பட்டை. தேதிக்கு நேராக வரிசை வரிசையாக நிற்கும். அதை யார் பார்க்கலாம், யார் குறிப்பு எழுதலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி கொடுப்பது அவள் வேலை. ஆள் சேர்ந்தால் திறந்துவிடுவாள், விட்டுப் போனால் மூடிவிடுவாள். நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியறையில் இருந்தாள். பதினோரு வருஷமாக அதே மேசை, அதே நாற்காலி.

மேலாளர் காரை எடுத்துக்கொண்டு போனதும் அவள் திட்டத்தைத் திறந்தாள். மூன்றாம் மாடி மின்நிறுத்தம் என்ற பட்டையைத் தேடினாள். அது வியாழக்கிழமைக்கு நேராக இருந்தது.

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அது புதன்கிழமையில்தான் இருந்தது. போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டு அவள்தான் அங்கே வைத்தாள்.

மாற்றங்களின் பதிவைத் திறந்தாள். யார் எதைத் தொட்டாலும் அதில் ஒரு வரி விழும். அன்று காலை 7.12க்கு ஒரு வரி இருந்தது. விருந்தினர் 4, கைபேசியிலிருந்து, தேதி மாற்றம், புதனிலிருந்து வியாழனுக்கு. அதற்கு மேலே 7.11க்கு இன்னொரு வரி. அதே விருந்தினர் 4. 'இரண்டாம் மாடி கேபிள் இழுத்தல்' என்ற வேலையில் முடிந்தது என்று டிக் போட்டு, ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். 'சரிம்மா.'

தினமும் காலை ஏழு மணிவாக்கில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு முந்தின நாள் வேலைக்கு டிக் போட்டு, சரிம்மா என்று எழுதுகிற ஆள் அந்தத் திட்டத்தில் ஒருவர்தான்.

அவள் பதிவை மூடினாள். மேசைமேல் இருந்த டீ கப்பை எடுத்துப் போய்க் கழுவினாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். பிறகு அதே கப்பை எடுத்துப் போய் மறுபடியும் கழுவினாள்.

*

அந்த விருந்தினர் உள்ளே வந்த லிங்க் பிறந்த கதை இப்படி.

மின்னலுக்கும் அவர்கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கும் கம்பெனி ஈமெயில் கிடையாது. ஒவ்வொரு முறை திட்டத்துக்குள் போகவும் ஒரு எண் வரும். அது அவர் மகளுடைய ஈமெயிலுக்குப் போகும். மகள் கல்லூரியில் வகுப்பில் இருப்பாள். மின்னல் தினமும் காலையில் சாவி அக்காவுக்குப் போன் போடுவார்.

"அம்மா, கதவு திறக்க மாட்டேங்குதும்மா."

"என்ன வருது அண்ணே திரையில?"

"நீங்க யாருன்னு கேக்குது. இருபத்தஞ்சு வருஷமா இங்கதான் இருக்கேன், என்னையே யாருன்னு கேக்குது."

அவள் சிரித்துவிட்டு வழி சொல்லுவாள். இரண்டு நாள் போகும், திரும்ப அதே கதை. இவர் டிக் போடாததால் அடுத்த வேலைக்காரர்கள் காத்துக்கிடக்க, மேலாளர் ஒருநாள் போனில் கத்தினார். "ஏதாவது பண்ணுங்க. ஆள் வேலை செய்யணும், பாஸ்வேர்டு போட்டுக்கிட்டு உக்காரக் கூடாது."

அதனால் ஒரு லிங்க் உண்டாக்கினாள். பெயர், எண் எதுவும் கேட்காத லிங்க். முதலில் பார்க்க மட்டும் என்று வைத்தாள். மின்னல் மறுநாளே கூப்பிட்டார். பார்க்க முடியுது, டிக் போட முடியலை என்றார். டிக் போட வேண்டுமானால் திருத்தும் அனுமதி வேண்டும். நடுவில் ஒரு நிலை அந்த மென்பொருளில் இல்லை. அவள் பட்டியலை இறக்கி, 'லிங்க் இருப்பவர் யாரும் திருத்தலாம்' என்ற வரியைத் தொட்டாள். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றாள். ஒரு வாரத்தில் வேறு வழி செய்து இதை மூடிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அது நாலு மாசத்துக்கு முன்னால்.

இதற்கிடையில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. தேதி மாறினால் எல்லோருக்கும் ஒரு தகவல் போகும் என்ற ஏற்பாடு முன்பு இருந்தது. ஒரு நாளைக்கு நூறு தகவல் வருகிறது, தலைவலி என்று ஆளாளுக்குப் புகார் சொல்லவே, அவள்தான் அதை நிறுத்தினாள். கட்டடத்தில் மின்நிறுத்தத்துக்குக் கையெழுத்து வாங்குகிற ஒரு தாள் இருந்தது. எல்லாம் திட்டத்தில் இருக்கும்போது தாள் எதற்கு என்று மேலாளர் அதை எடுத்துவிட்டார். அங்கிருந்த பழைய மின்பலகையில் பூட்டுப் போடவும் இடமில்லை. ஆக, எப்போது அணைக்கலாம், எப்போது போடலாம் என்பதற்கு அந்த நீலப் பட்டை ஒன்றுதான் ஆதாரம்.

அதைப் பார்த்து நடந்தவர் மின்பலகை அறையில் வேலை பார்ப்பவர். பேனல்காரர் என்பார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதே, மறுநாள் வேலைக்காக மூன்றாம் மாடிக்குக் கரண்டை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். புதன்கிழமை காலை மின்னல் வந்து, வயரைச் சோதித்து, கரண்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினார். ஒன்பதரை மணிக்கு பெயிண்ட் அடிக்கிறவர்கள் பேனல்காரரிடம் போய், மாடியின் அந்தக் கோடியில் கரண்ட் இல்லையே என்று சண்டை பிடித்திருக்கிறார்கள். அவர் திட்டத்தைத் திறந்து பார்த்தார். மின்நிறுத்தம் வியாழக்கிழமை என்று இருந்தது. அடடா, நேற்று தேதியைத் தப்பாகப் பார்த்துவிட்டோம் போல என்று நினைத்தார். கரண்டைப் போட்டார்.

*

வியாழக்கிழமை அவள் லிங்க்கை மூடினாள். மூடச் சொன்னது மேலாளர். மூடியதும் பதிவில் அதற்கும் ஒரு வரி விழுந்தது, அவள் பெயரோடு, மணியோடு.

பிறகு மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துவிட்டு வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அந்தத் தேதி எப்படி மாறுச்சு?"

"விருந்தினர்னு காட்டுது சார்."

"யாரு விருந்தினர்?"

"லிங்க் வச்சிருந்தவங்க யாரோ."

"மின்னல் ஆளுங்களா இருக்குமா? அவங்ககிட்டதானே லிங்க் இருந்துச்சு? அப்படின்னா நம்ம தலை தப்பும். கண்டுபிடிக்க முடியுமா பாருங்க."

"தெரியல சார்," என்றாள்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் பொய் சொன்னது அவளுக்கு உறைத்தது. அப்போதும் உள்ளே எதுவும் ஆகவில்லை. படபடப்பு இல்லை, வியர்க்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல, தொடுவது தெரிந்தது, தொடப்படுவது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பேனல்காரரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று கடிதம் போனது. அவருடைய கணக்கை மூடச் சொல்லி அவளுக்கும் ஒரு வரி வந்தது. அவள் பட்டியலில் அவர் பெயரைத் தேடி எடுத்து, 'அனுமதி இல்லை' என்று மாற்றினாள். நாலு விநாடி ஆனது. மதிய சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அவர் தப்புச் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வரியைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். சனிக்கிழமையும் அப்படித்தான் நினைத்தாள். சொன்னால் அடுத்த கேள்வி, அந்த விருந்தினர் யார் என்பது. அதற்குப் பதில், ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிக் கட்டிப் படுத்திருக்கிற மனுஷன். தன் கையைத் தானே எரித்துக்கொண்டவர் என்று அவரை எப்படி எழுதுவது? இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொண்டு நின்றாள் என்று சொன்னால் அதுவும் சரியில்லை. மாட்டிக்கொண்டவளுக்கு விடுபட வேண்டும் என்று தோன்றும். அவளுக்கு அதுகூடத் தோன்றவில்லை.

அவள் வேலை செய்தாள். இனி ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாது என்று எல்லாத் திட்டங்களிலும் எல்லோருடைய அனுமதியையும் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பதினேழு திட்டங்கள், நூற்று நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொரு பெயராகத் திறந்தாள். வேலையை விட்டுப்போய் மூன்று வருஷமானவர்கள் இன்னும் திருத்தும் உரிமையோடு இருந்தார்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன வரவேற்பாளர் இருந்தாள். தண்ணீர் கேன் போடுகிறவர்கூட ஒரு திட்டத்தில் இருந்தார், எப்படி வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவரால் நினைத்தால் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்க முடியும். வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லி அலுவலகமே வயிறு குலுங்கச் சிரித்திருக்கும். அவள் அழித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

வீட்டில் தம்பி மனைவிதான் முதலில் கவனித்தாள். அவள் பேச்சுக்காரி. வாய் ஓய்ந்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"அண்ணி, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஆமான்னா? மாத்திக்கிட்டுப் போங்க."

"சரி."

"நேத்தும் இப்படித்தான் போனீங்க. நான் கத்துறதுக்குள்ள பஸ் ஏறிட்டீங்க. ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஒருத்தருக்கு அடிபட்டிருச்சு."

"அது தெரியும். உங்க தம்பி சொன்னாரு. உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

தம்பி மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போய்ப் பாத்தீங்களா அவரை?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"ஏன் அண்ணி? பாட்டு சத்தமா வைக்கிறோம்னு நம்மகூட சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரரு காலை உடைச்சுக்கிட்டப்பகூட முதல் ஆளா போய் நின்னீங்களே."

அவள் மாடிக்குப் போய்ச் சட்டையை மாற்றினாள். பொத்தான்களைப் போட்டுவிட்டு, போட்டோமா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

*

அடுத்த வியாழக்கிழமை மதியம் அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி மனைவி சொன்னதால் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். கையில் ஒரு பை ஆரஞ்சு. உரித்துச் சாப்பிட இரண்டு கை வேண்டும் என்பது லிஃப்டில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மின்னல் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். வலது கை முழங்கைவரை துணி சுற்றி, ஒரு கம்பியில் தொங்கியது. முகத்தில் இரண்டு நாள் தாடி. அவர் மனைவி முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. நீதானே அந்தச் சாவி அம்மா? தினம் காலைல உன் பேருதான் எங்க வீட்ல," என்றாள். பிறகு, "ரெண்டு விரல் போயிருச்சு. மத்ததுல உணர்ச்சி வருமான்னு போகப் போகத்தான் தெரியுமாம்," என்று வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

அறையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"எப்படி இருக்கீங்க அண்ணே?"

"இருக்கேன். மூக்கு அரிச்சா கூப்பிட ஆள் வேணும், அதான் கஷ்டம்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அந்தப் பேனல்காரனை நினைச்சாதான் எனக்குத் தாங்கல. பத்து வருஷமா ஒரே டீக்கடை. ஏணில ஆள் நிக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானா? சிரிச்சுக்கிட்டே போட்டிருப்பான்."

"அவர் மேல தப்பு இல்லண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திட்டத்துல தேதி மாறியிருந்துச்சு. வியாழக்கிழமைன்னு. அதைப் பாத்துதான் போட்டாரு."

மின்னல் தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தார். "யாரு மாத்தினது?" என்றார்.

"யார் வேணும்னாலும் மாத்துற மாதிரி நான் வச்சிருந்தேன். அந்த லிங்க். நான்தான் திறந்துவிட்டது."

"திறந்தது நீ. மாத்தினது யாரு?"

அவள் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் பெயிண்ட் உரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்கு?"

அதற்கும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்ட தொனி, தினம் காலையில் என்ன வருது திரையிலே என்று கேட்டால் பதில் சொல்லுகிற அதே நிதானமான தொனியாக இருந்தது. "புதன்கிழமை காலைல. ஏழு பன்னிரண்டுக்கு," என்றாள்.

மின்னல் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னோக்கி வந்து நின்றது. இடது கையைத் தூக்கி, கட்டை விரலை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார், போனைத் தள்ளுவது போல.

"பஸ் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுச்சு," என்றார். "போன் கை நழுவப் பாத்துச்சு. பிடிச்சேன்."

"அண்ணே, அது உங்க தப்பில்ல."

"பிடிச்சேன்," என்றார் மறுபடியும். பிறகு, "எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெரியாத ஊரில் வழி கேட்டவன் பார்ப்பது போலப் பார்த்தார்.

மனைவி கழுவிய ஆரஞ்சோடு வரும் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது. "இவகிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்றார் மின்னல். "நீ போம்மா."

அவள் எழுந்து போனாள். கீழே பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ் அவள் போக வேண்டிய வழியில் போனது. நாலாவதில் ஏறினாள்.

*

வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். குட்டை முடி வைத்த, வயதான பெண்மணி. கூட்ட அறையில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மேலாளர் உள்ளே போய் வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏதாவது பண்ணுங்க என்று கத்தியது தனக்கு நினைவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். போனில் சொன்னதற்கு எங்கேயும் வரி விழுவதில்லை.

அவள் மடிக்கணினியைத் திறந்து ஆய்வாளர் முன்னால் திருப்பி வைத்தாள். கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினாள். லிங்க்கை எந்தத் தேதியில் உண்டாக்கினாள், முதலில் எப்படி வைத்தாள், பிறகு எதற்கு மாற்றினாள், தகவல் போவதை ஏன் நிறுத்தினாள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். மேலாளர் கத்தியதையும் சொன்னாள். 7.12 வரியைக் காட்டினாள். பேனல்காரர் திட்டத்தைப் பார்த்து நடந்தார், திட்டம்தான் தப்பு என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள் போல இருந்தது அவள் காதுக்கே.

ஆய்வாளர் எழுதி முடித்தார். "இந்த விருந்தினர் 4 யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"மேலாளர்கிட்டத் தெரியாதுன்னு சொன்னீங்களாமே?"

"பொய் சொன்னேன்."

"யாரு?"

அவள் உள்ளங்கையை மேசையில் வைத்தாள். "சொல்ல மாட்டேன் மேடம். யார் விரல் பட்டாலும் நகருற மாதிரி வச்சது நான். இன்னைக்கு இவரு, நாளைக்கு வேற யாராவது. பேரு எழுதினா எல்லாரும் அந்தப் பேரை மட்டும்தான் படிப்பாங்க."

ஆய்வாளர் பென்சிலைக் கீழே வைத்தார். "இன்னைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்," என்றார். "அவரே சொல்லிட்டாரு. நான் கேக்கவே இல்ல. பேனல்காரரைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க, அப்பத்தான் மத்ததைப் பேசுவேன்னாரு."

அவள் தலையை ஆட்டினாள். ஆய்வாளர் பிறகு ஒரு தாளைத் தள்ளி, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினார்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. தவறுக்குக் காரணம் அனுமதி வைத்த முறையும், கையெழுத்துத் தாளை எடுத்ததும், பூட்ட முடியாத பலகையும் என்று எழுதியிருந்தது. யாருடைய கட்டை விரலைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை. மேலாளரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். பலகையை மாற்றினார்கள். தாள் திரும்ப வந்தது. சாவி அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுமதி கொடுக்கும் பொறுப்பை மட்டும் எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அவள் திட்டத்தைத் திறந்தபோது பட்டைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன. மேலே பார்க்க மட்டும் என்று எழுதியிருந்தது.

*

பேனல்காரர் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்தார். இதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. வாசலில் நின்று யாரையோ கேட்டு, நேராக அவள் மேசைக்கு வந்தார். மெலிந்த ஆள். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"உக்காருங்க," என்றாள்.

அவர் உட்காரவில்லை. "எனக்குத் தெரிஞ்சுக்கணும். எப்பப் பாத்தீங்க நீங்க? அந்த வரியை?"

"அன்னைக்கே பாத்தேன். பத்தரை மணிக்கு."

"அன்னைக்கே." அவர் விரல்களை எண்ணுவது போலப் பார்த்தார். "நீங்க சொன்னது எப்போ?"

"ஒன்பது நாள் கழிச்சு."

"ஒன்பது நாள்." பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றுவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒன்பது நாளும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமை பாத்தப்போ புதன்னு இருந்துச்சு, புதன்கிழமை பாத்தா வியாழன்னு இருக்கு. எது சரி, எது தப்புன்னே தெரியல. கண் டாக்டர்கிட்டப் போனேன். கண்ணுல ஒண்ணுமில்லங்க, வயசுக்கு ஏத்த மாதிரி இருக்குன்னாரு. விடாம இந்தக் கண்ணாடிய வாங்கினேன். இதைப் போட்டா தலை சுத்துது. இருந்தாலும் போட்டுக்கிட்டு வீட்டுக் காலண்டரப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். என் பொண்ணு கேட்டா, அப்பா ஏன் தேதியையே பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு."

அவள் எழுந்து நின்றாள். "மன்னிச்சிடுங்க," என்றாள்.

"ஏன் சொல்லலை? என் மேல ஏதாவது கோபமா?"

"உங்க மேல ஒண்ணும் இல்ல. எதுவும் தோணல. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துச்சு. தினமும் அப்படியே இருந்துச்சு."

காரணம் என்று எதையும் அவள் சொல்லவில்லை. மின்னலைக் காப்பாற்றத்தான் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். மீதிப் பாதி என்னவென்று அவளுக்கே தெரியாததால் சொல்லவில்லை.

பேனல்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொள்ளாமல் சட்டைப் பையில் வைத்தார். "மன்னிக்கிறதா வேணாமான்னு எனக்கே தெரியலைங்க. உங்ககிட்ட வந்து சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன்." வாசல்வரை போய், அங்கே நின்றிருந்த யாருக்கோ வழிவிட்டு, வெளியே போனார்.

அன்று சாயங்காலம் தம்பி மனைவி கதவைத் திறந்தவள், ஒன்றும் கேட்காமல் அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். டீ போட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டார் புதிதாக வாங்கிய பிரிட்ஜ் கதவு வழியே உள்ளே போகாமல் அவர்கள் பட்ட பாட்டை முழுசாகச் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்தது, சிரிப்பும் கொஞ்சம் வந்தது. கப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சூடு தெரிந்தது. பிறகு விரல்கள் சுட்டன. கீழே வைத்தாள்.

*

மின்னல் ஆறு மாசம் கழித்து வேலைக்கு வந்தார். ஏணி ஏறுவதில்லை. ஸ்டோரில் சாமான் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்து, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் மழையில் நனைந்த எறும்பு போலக் கிடக்கும். மிச்சமிருந்த விரல்களில் இரண்டில் லேசாக உணர்ச்சி வந்திருப்பதாக அவர் மனைவி சொன்னாள். சாவி அக்காவைப் பார்த்தால் தலையசைப்பார். வா என்று கூப்பிட மாட்டார், போ என்றும் சொல்ல மாட்டார்.

அவளுக்குப் புது வேலை கொடுத்திருந்தார்கள். தினமும் காலை எட்டு மணிக்குக் கட்டடத்துக்கே போய், மின்நிறுத்தத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். முதலில் மாடியில் வேலை செய்கிறவர்கள், பிறகு மின்பலகை அறை. எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு பூட்டு விழும். அவள் அங்கேயே நின்று அதைப் பார்த்துவிட்டு, மணியைக் குறித்துக்கொண்டு வருவாள். பூட்டைத் திறக்கும்போதும் அதே மாதிரி. மழை, வெயில் பார்க்காமல் போனாள். ஒருநாளும் தாமதமாகவில்லை.

பேனல்காரர் தாளை வாங்கி, தேதியை இரண்டு முறை படித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவளும் எதிர்பார்க்கவில்லை. வாரங்கள் போயின. சுவரில் புதுப் பலகையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பக்கத்தில் மின்விசிறி உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் இருவரும் நாலு நிமிஷம் நின்றுவிட்டுப் பிரிவார்கள்.

ஒருநாள் தாளில் பாதி எழுத்து விழுந்ததும் அவர் பேனாவை உதறினார். மறுபடி எழுதிப் பார்த்தார்.

"எழுத மாட்டேங்குது," என்றார். "வேற குடுங்க."

அவள் பையைத் துழாவி வேறொரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். அன்று அவ்வளவுதான் பேச்சு. அவள் மணியைக் குறித்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் படியேறினாள்.